தந்தியின் ஒலியும் மாடுலர் ஃபில்டரும்

மாடுலர் சிந்தசைசரின் ஃபில்டருக்குள் எலெக்ட்ரிக் கிதாரை நேராகச் செருகினால் பெரும்பாலும் கிடைப்பது மங்கலான, ஒடுங்கிய ஒலிதான். குமிழைத் திருகினால் ஏதோ மாறுகிறது. ஆனால் இசைத்தட்டுகளில் கேட்ட அந்தக் குமுறலும் பேச்சும் வருவதில்லை. கிதாரிலும் பழுதில்லை, ஃபில்டரிலும் பழுதில்லை. ஃபில்டர், சிந்தசைசரில் ஒலியைப் பிறப்பிக்கும் அலையியற்றிக்காகச் செய்யப்பட்டது. கிதாரின் பிக்கப், ஆம்புக்காகச் செய்யப்பட்டது. இரண்டையும் சேர்த்துவைக்க, ஒவ்வொன்றும் எதை எதிர்பார்க்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஃபில்டரின் வேலை கழிப்பது. லோ பாஸ் ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ளவற்றை அடக்கிவிடும். ஹை பாஸ் அதற்குக் கீழுள்ளவற்றை அடக்கும். பேண்ட் பாஸ் நடுவே ஒரு பட்டையை மட்டும் விடும். இந்த எல்லைக்கு வெட்டு அதிர்வெண் என்று பெயர். ரேடியோவின் டோன் குமிழும் ஒரு ஃபில்டர்தான். ஆனால் அதைக் கையால்தான் திருப்ப முடியும். மாடுலர் ஃபில்டரின் வெட்டு அதிர்வெண்ணை ஒரு மின்னழுத்தம் நகர்த்துகிறது. அந்த மின்னழுத்தம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்பதில்தான் மாடுலரின் முழுச் சுதந்திரமும் இருக்கிறது. ராபர்ட் மூக் 1964இல் இந்த முறையில் இயங்கும் கருவிகளை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். அவருடைய ஃபில்டருக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. டிரான்சிஸ்டர் இணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையிடையே மின்தேக்கிகள் குறுக்குச் சட்டங்கள்போல் நிற்பதால் அதற்கு ஏணி ஃபில்டர் என்ற பெயர் நிலைத்தது. நான்கு படிகள், ஒவ்வொரு படியும் ஸ்தாயிக்கு 6 டெசிபெல் குறைக்கும், மொத்தம் 24. வெட்டு அதிர்வெண் 500 ஹெர்ட்ஸில் இருந்தால், அதைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்த 1000 ஹெர்ட்ஸ் பகுதி ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும்.

ஃபில்டரிலிருந்து வெளிவருவதன் ஒரு பகுதியை மறுபடி அதன் வாசலுக்கே அனுப்பினால் வெட்டு அதிர்வெண்ணை ஒட்டி ஒரு சிகரம் எழும். இதுவே ஒத்ததிர்வு, குமிழ்களில் ரெசோனன்ஸ் என்றோ கியூ என்றோ எழுதியிருக்கும். கூட்டக் கூட்ட அந்தச் சிகரம் கூர்மையாகி, ஓர் எல்லையில் ஃபில்டர் தானே பாடத் தொடங்கிவிடும். ஏணி ஃபில்டரில் ஒத்ததிர்வைக் கூட்டும்போது கீழ்ச்சுரங்களின் கனம் குறைவதும் கூடவே நடக்கிறது. தடித்த தந்திகளில் வாசிப்பவர்கள் இதை உடனே உணர்வார்கள். ஃபில்டரைத் தொடாத ஒலியில் கொஞ்சம் எடுத்து மிக்சரில் சேர்ப்பதுதான் வழக்கமான பரிகாரம்.

ஃபில்டர் எதிர்பார்ப்பது ரம்பப்பல் அலை போன்ற ஒன்று: அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளான எல்லாச் சீரிசைகளும் நிறைந்தது, தேயாமல் நிற்பது, உச்சிக்கு உச்சி 10 வோல்ட் அளவில் வருவது. கிதார் இவற்றில் ஒன்றையும் தருவதில்லை. காந்தங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய பிக்கப், அழுத்தி மீட்டினாலும் ஒரு வோல்ட்டைத் தொடுவது அரிது. சாதாரண வாசிப்பில் 0.1 முதல் 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். 0.2 வோல்ட் உச்சத்தை 5 வோல்ட் உச்சமாக்க 25 மடங்கு, அதாவது ஏறத்தாழ 28 டெசிபெல் பெருக்கம் வேண்டும். அளவு மட்டும் போதாது. பிக்கப்பின் மின்தூண்டலும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து 2000 முதல் 5000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு சிகரத்தை உண்டாக்குகின்றன; கிதாரின் மினுமினுப்பு அங்கேதான் இருக்கிறது. அந்தச் சிகரம் உயிரோடிருக்க, எதிரே இருக்கும் கருவி 10 லட்சம் ஓம் அளவு உள்ளீட்டு மின்னெதிர்ப்போடு இருக்க வேண்டும். கிதார் ஆம்புகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. மாடுலர் கருவிகளின் வாசல்கள் பெரும்பாலும் 1 லட்சம் ஓம் அளவே. நேராகச் செருகியதும் ஒலி மங்குவதற்கு இதுவே காரணம். ஃபில்டர் வேலையைத் தொடங்கும் முன்பே மேல் அதிர்வெண்கள் போய்விடுகின்றன.

ஆகவே முதலில் வேண்டியது ஒரு நல்ல ப்ரீஆம்ப். 1971இல் வந்த ஏஆர்பி 2600 இதை உள்ளேயே வைத்திருந்தது. 10, 100, 1000 மடங்கு என்று பெருக்கத்தைத் தேர்ந்தெடுக்க அதில் ஒரு சுவிட்ச் உண்டு. ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் தொடங்கிய ஏ-100 வரிசையிலிருந்துதான் இன்று யூரோரேக் என்று அழைக்கப்படும் அளவுமுறை பிறந்தது: 128.5 மில்லிமீட்டர் உயரம், 12 வோல்ட் மின்சாரம், 3.5 மில்லிமீட்டர் செருகிகள். அந்த வரிசையில் ஏ-119 என்ற மாடுல் வெளி ஒலியைப் பெருக்கித் தருவதோடு, வாசிப்பின் ஏற்ற இறக்கத்தை மின்னழுத்தமாகவும் கொடுக்கிறது. யூரோரேக்கில் ப்ரீஆம்ப் வாங்கும்போது அதன் உள்ளீட்டு மின்னெதிர்ப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. குறைவாக இருந்தால் முன்னால், உள்ளீட்டு மின்னெதிர்ப்பு அதிகமுள்ள ஒரு பஃபர் பெடலை வைத்தால் போதும்.

அளவு சரியான பிறகுதான் சுவையான பகுதி வருகிறது. தந்தியே ஒரு ஃபில்டர். ஐந்தாம் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அதன்மேல் 220, 330, 440, 550, 660 என்று சீரிசைகள். எந்த இடத்தில் மீட்டப்படுகிறதோ, அந்த இடம் எந்தச் சீரிசைக்கு அசைவற்ற கணுவாக இருக்கிறதோ, அந்தச் சீரிசை எழாது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே, தந்தியின் சரிபாதியில் மீட்டினால் 220, 440, 660 ஆகிய இரட்டைப்படைச் சீரிசைகள் காணாமல் போகும். ஒலி குழல்போல் உள்ளீடற்றதாகிவிடும். பிரிட்ஜிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் 550 இருக்காது. பிக்கப்புக்கும் இதே விதிதான். 22 ஃப்ரெட் கிதார்களில் கழுத்துப் பக்கப் பிக்கப் பெரும்பாலும் தந்தியின் நான்கில் ஒரு பங்குக்கு அருகே இருப்பதால், விரல் வைக்காத தந்தியில் நான்காம் சீரிசையை அது சரியாகக் கேட்பதில்லை.

ஒத்ததிர்வை நன்றாகக் கூட்டி, வெட்டு அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸிலிருந்து 1000 வரை மெதுவாக உயர்த்தினால் இவை எல்லாம் தனித்தனியே காதில் விழும். அந்தக் கூர்மையான சிகரம் ஒவ்வொரு சீரிசையையும் கடக்கும்போது அது ஒரு சுரமாக ஒலித்து அடங்கும்: 220இல் மேல் ஸ்தாயியின் அதே சுரம், 330இல் பஞ்சமம், 440இல் மீண்டும் அதே சுரம், 550இல் காந்தாரம். கழுத்துப் பிக்கப்பில் 440ஐக் கடக்கும்போது ஒரு சிறு வெற்றிடம் தெரியும். பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றினால் அந்தச் சுரம் திரும்பி வரும். ஃபில்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்த ஒரு பயிற்சி அதிகம் கற்றுத்தரும். வலது கையின் இடமும் பிக்கப் சுவிட்சும், ஃபில்டரின் குமிழ்களுக்குச் சமமான கட்டுப்பாடுகள் என்பது அங்கேதான் புரியும்.

தந்தி என்ற ஃபில்டருக்கு இன்னொரு குணம் உண்டு. அது தானாகவே மூடிக்கொள்கிறது. மீட்டிய கணத்தில் எல்லாச் சீரிசைகளும் இருக்கின்றன. உயர்ந்தவை முதலில் சாகின்றன. கடைசியில் அடிப்படைச் சுரமும் அதன் பக்கத்திலுள்ள ஒன்றிரண்டும் மட்டுமே எஞ்சும். சிந்தசைசரில் எல்லாரும் முதலில் கற்கும் உத்தி, சுரம் தொடங்கும்போது ஃபில்டரைத் திறந்து பிறகு மெல்ல மூடுவது. கிதாரில் அதையே செய்தால் தந்தி ஏற்கெனவே செய்வதை இரண்டாம் முறை செய்வதாகிறது. கேட்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. சுரம் தேயத் தேய ஃபில்டரைத் திறப்பது தந்தியால் முடியாத காரியம். அதனால் அதுவே செய்யத் தக்கது. ஆனால் ஃபில்டர் முழுதாகத் திறக்கும்போது உள்ளே வெளிப்பட எதுவும் மிச்சமிருக்காது. மேல் சீரிசைகள் அதற்குள் போய்விட்டன.

ஃபில்டருக்கு முன்னால் ஃபஸ் வைப்பது இதற்காகத்தான். ஃபஸ், அலையின் உச்சிகளை வெட்டித் தட்டையாக்குகிறது. தட்டையான உச்சியில் புதிய சீரிசைகள் பிறக்கின்றன. சுரத்தின் அளவும் சில நொடிகளுக்கு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. கிதார் அப்போது அலையியற்றியின் குணத்துக்கு நெருங்கி வருகிறது. ஃபில்டருக்குப் பின்னால் ஃபஸ் வைப்பதும் உண்டு. காலால் அசைக்கும் ஃபில்டரான வா பெடலை ஃபஸ்ஸுக்கு முன் வைப்பவர்கள் செய்வது அதுதான். அப்போது ஃபில்டரின் சிகரம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடம் அதிகமாக வெட்டுப்படும். ஒலி கரடாகும், ஃபில்டரின் வடிவம் மங்கும். ஃபில்டரின் அசைவு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் ஃபஸ் முன்னால்தான் வர வேண்டும்.

ஃபஸ்ஸுக்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு சுரங்கள் ஒன்றாகச் சென்றால் அவற்றின் வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும். 110 ஹெர்ட்ஸோடு பஞ்சமத்தைச் சேர்த்தால் வித்தியாசம் ஏறத்தாழ 55. கீழ் ஸ்தாயியில் அதே சுரம். ராக் இசை பஞ்சமத்தைவிட்டு நகராமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரத்தைச் சேர்த்தால் வித்தியாசம் 28.6 அளவில் வந்து எதனோடும் சுருதி சேராமல் உறுமும். முழு கார்டுகளை ஃபஸ் வழியாக ஃபில்டருக்கு அனுப்புபவர்கள் ஏமாறுவது இங்கேதான். தந்திக்கு ஒரு பிக்கப் என்று ஆறு தனி வெளியீடுகள் தரும் கிதார்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஆறு ஃபஸ்ஸும் ஆறு ஃபில்டரும் வாங்க வேண்டும்.

இனி ஃபில்டரை அசைப்பது யார் என்ற கேள்வி. கீபோர்டில் விசையை அழுத்தியதும், சுரம் தொடங்கியதைச் சொல்லும் ஒரு கேட் சமிக்ஞை பிறந்துவிடுகிறது. கிதாரில் விசை இல்லை. வாசிப்பின் பலத்திலிருந்துதான் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைப் பிழிந்தெடுக்க வேண்டும். என்வலப் ஃபாலோயர் அதைச் செய்கிறது: அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்து, பிறகு அதை மழுங்கச் செய்து, மேடுபள்ளமில்லாத ஒரு வளைவாக்குகிறது. எவ்வளவு மழுங்கச் செய்வது என்பதில் எப்போதும் ஓர் இழுபறி உண்டு. ஆறாம் தந்தியின் 82.4 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 12 மில்லிநொடி எடுக்கும். அதைவிட வேகமாக ஃபாலோயர் அசைந்தால் அலையின் ஒவ்வொரு மேட்டையும் அது ஃபில்டருக்குச் சொல்லி, ஒலி கரகரக்கும். மிக மெதுவாக அசைந்தால் மீட்டிய கணத்தின் துள்ளல் போய்விடும். ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் தனித்தனியே அமைக்க முடிந்தால், ஏறுவதை வேகமாகவும் இறங்குவதை நிதானமாகவும் வைப்பதே சரி.

ஃபாலோயருக்குச் செல்லும் ஒலியை ஃபஸ்ஸுக்கு முன்பே பிரித்து எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தவறினால் மற்ற எல்லாம் வீண். ஃபஸ்ஸைக் கடந்த ஒலியில் மெல்ல மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஒரே அளவு. அதிலிருந்து எடுத்த மின்னழுத்தம் வாசிப்பவரின் கையைப் பற்றி எதுவும் சொல்லாது. ப்ரீஆம்பிலிருந்து ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையை ஃபாலோயருக்கும் மறு கிளையை ஃபஸ் வழியாக ஃபில்டருக்கும் அனுப்பினால், கை மென்மையாக இருக்கும்போது ஃபில்டர் பாதி மூடியும், ஓங்கும்போது முழுதாகத் திறந்தும் பதில் சொல்லும். ஃபில்டருக்குப் பின்னால், மின்னழுத்தத்தால் ஒலியளவை மாற்றும் ஒரு விசிஏ வைத்து அதையும் இதே மின்னழுத்தத்தால் இயக்கினால், ஃபஸ் தட்டையாக்கிய ஏற்ற இறக்கம் திரும்ப வந்துவிடும். வாசிக்காத நேரத்து இரைச்சலும் அடங்கிவிடும். சுரம் தேயும்போது ஃபில்டர் திறக்க வேண்டுமென்றால் ஃபாலோயரின் மின்னழுத்தத்தை ஓர் இன்வெர்ட்டரில் தலைகீழாக்கினால் போதும். அப்போது விசிஏவை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர் திறக்கும் நேரத்தில் அது ஒலியை மூடிவிடும்.

வாசிப்பின் பலத்தால் ஃபில்டரை அசைக்கும் இந்த வழியைப் பெடல் வடிவில் பரவலாக்கியது மியூசிட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக மைக் பைகல் வடிவமைத்த மியூட்ரான் III, ஆண்டு 1972. ஸ்டீவி வொண்டர் 1973இல் "ஹையர் கிரவுண்ட்" பாடலில் கிளாவினெட்டை அதன் வழியாக அனுப்பினார். ஜெர்ரி கார்சியா கிதாரில் அதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டார். அதற்கும் முன்பு, 1971இல் வந்த "ஹூஸ் நெக்ஸ்ட்" ஆல்பத்தின் "கோயிங் மொபைல்" பாடலில் பீட் டவுன்ஷெண்ட் கிதாரை ஏஆர்பி சிந்தசைசரின் என்வலப் ஃபாலோயரோடு இணைத்து வாசித்தார். அதே ஆல்பத்தின் "வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்" பாடலில் கேட்கும் துடிப்பு, லௌரி ஆர்கனை இஎம்எஸ் விசிஎஸ்3 ஃபில்டருக்குள் செலுத்திக் கிடைத்தது. அழுத்திப் பிடித்த கார்டிலிருந்து ஃபில்டரே தாளத்தைச் செதுக்க முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

விசிஎஸ்3 லண்டனில் பீட்டர் ஸினோவியேஃபின் இஎம்எஸ் நிறுவனம் 1969இல் வெளியிட்ட கருவி. கேபிள்களுக்குப் பதில் சிறு ஊசிகளைக் கட்டப்பலகையில் செருகி இணைக்கும் முறை அதில் இருந்தது. வெளி ஒலிக்கான வாசல்களும் இருந்தன. ராக்ஸி மியூசிக் குழுவில் பிரையன் ஈனோ அதைச் சக கலைஞர்களின் ஒலியைக் கையாளும் கருவியாகவே பயன்படுத்தினார். ஃபில் மான்சனேராவின் கிதாரும் அதற்குள் சென்றது. வாசிப்பவர் ஒருவர், ஃபில்டரை இயக்குபவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாடு 1977இல் மேற்கு பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் உச்சத்தைத் தொட்டது. டேவிட் போவியின் "ஹீரோஸ்" பாடலுக்கு ராபர்ட் ஃபிரிப் வாசித்த கிதார், ஈனோவின் பெட்டி வடிவ இஎம்எஸ் கருவி வழியாகச் சென்றது. ஃபிரிப் அந்த நீண்ட சுரங்களை ஃபீட்பேக்கால் நிறுத்திவைத்தார். ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தூரத்தில் எந்தச் சுரம் தானாக ஒலிக்கிறது என்று கண்டறிந்து, அந்த இடங்களைத் தரையில் டேப்பால் குறித்துக்கொண்டு நின்றார் என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி கூறியிருக்கிறார். ஃபீட்பேக்கில் தந்தி தேய்வதில்லை; மேல் சீரிசைகளும் சாவதில்லை. ஃபஸ் செய்கிற வேலையை அங்கே ஃபீட்பேக் செய்தது. ஃபில்டரை ஈனோ தன் போக்கில் அசைக்க, வேண்டிய அவகாசம் ஒவ்வொரு சுரத்திலும் இருந்தது. ஒரே பாடலுக்கு வாசித்த பல டேக்குகளைச் சேர்த்து ஒலிக்கவைத்ததால்தான் அந்தக் கிதார் ஒரு தனி வாத்தியம்போல் கேட்கிறது. இந்தத் துறையில் செய்யப்பட்ட பதிவுகளில் இதற்கே முதலிடம் தர வேண்டும்.

ஃபில்டர் வகைகளில் கிதாருக்கு எல்லாம் ஒன்றல்ல. ஏணி ஃபில்டரை அளவுக்கு மீறிய ஒலியால் நிரப்பினால் இனிமையாக மழுங்கும். 1978இல் வந்த கோர்க் எம்எஸ்-20இன் ஃபில்டர் அதே நிலையில் கிறீச்சிடும். சத்தமான இசைக்கு அது பொருந்தும். ஸ்டேட் வேரியபிள் வகை, லோ பாஸ், பேண்ட் பாஸ், ஹை பாஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் தனித்தனி வெளியீடுகளாகத் தருகிறது. இரண்டு பேண்ட் பாஸ்களை அருகருகே வைத்தால் உயிரெழுத்துகளே பேசும்: 700, 1100 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் "ஆ", 300, 2300 அளவில் "ஈ", 300, 850 அளவில் "ஊ". ஒரு சிகரம் மட்டுமுள்ள வா பெடல் "ஊ"விலிருந்து "ஆ"வுக்குப் போய் வரும்; "ஈ" சொல்ல அதற்கு இரண்டாம் சிகரம் இல்லை. டான் புக்லா கலிபோர்னியாவில் உருவாக்கிய லோ பாஸ் கேட் வேறொரு இனம். விளக்கும் ஒளியுணர் மின்தடையும் அடைத்த சிறு உறையான வாக்ட்ரால் அதை இயக்குகிறது. விளக்கு அணைந்த பிறகும் மின்தடை மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்புவதால், ஒலியின் அளவும் பிரகாசமும் சேர்ந்தே இயல்பாக அடங்கும். ஃபீட்பேக்கில் நீளும் கிதாரை மரக்கட்டையில் தட்டியதுபோல் சிறு துணுக்குகளாக்க அதற்கு ஈடில்லை.

ஒத்ததிர்வைத் தானே பாடும் எல்லைக்குச் சற்றே கீழே நிறுத்தினால் ஒவ்வொரு மீட்டலும் ஃபில்டரை மணிபோல் ஒலிக்கச் செய்யும். அதன் வெட்டு அதிர்வெண்ணைப் பாட்டின் ஆதார சுருதிக்கு அமைத்தால் வாசிக்கும் எல்லாச் சுரங்களுக்கும் அடியில் ஒரு சுருதி தொடர்ந்து கேட்கும். ஃபில்டர் வாசிக்கும் சுரத்தோடு தானும் ஏறி இறங்க வேண்டுமென்றால், சுரத்தை அளந்து ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்று மாற்றும் கருவி வேண்டும். ஆறாம் தந்தியில் இரண்டு சுற்று அலையையாவது பார்த்தால்தான் சுரம் தெரியும். அதற்குள் 24 மில்லிநொடி கழிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு தந்தி, மற்றவை உள்ளங்கையால் அடக்கப்பட்டிருக்க வேண்டும். எம்எஸ்-20இல் இந்த வசதி இருந்தும் அதன் மின்னழுத்தம் ஸ்தாயிக்கு 1 வோல்ட் முறையில் வருவதில்லை. யூரோரேக்கோடு அதை இணைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளியே வரும் பக்கத்திலும் கவனம் தேவை. 10 வோல்ட் ஒலியைக் கிதார் ஆம்பின் வாசலில் அப்படியே செருகக் கூடாது; முன்பு பெருக்கிய அளவுக்குத் திரும்பக் குறைக்க வேண்டும். கிதார் ஸ்பீக்கர்கள் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடுவதால், ஃபில்டர் அந்த உயரத்தில் செய்யும் வேலை எதுவும் கேட்காது. மிக்சருக்கோ ஆடியோ இன்டர்ஃபேஸுக்கோ நேராக அனுப்புவதே நல்லது. ஆம்பின் உறுமல்தான் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி இரண்டு இடங்களுக்கு அனுப்பும்போது எர்த் சுற்று உண்டாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழும். ஒரு கிளையில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அடங்கும். எக்காரணம் கொண்டும் எர்த் கம்பியைத் துண்டிக்கக் கூடாது. உலோகத் தந்தியைக் கையால் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு அது உயிராபத்து. 28 டெசிபெல் பெருக்கம் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால், ஒற்றைச் சுருள் பிக்கப்பைவிட, இரைச்சலைத் தணிக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் இந்த வேலைக்குப் பாதுகாப்பானது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பணத்தை இரண்டாவது, மூன்றாவது ஃபில்டரில் போடுகிறார்கள். முதல் பணம் ப்ரீஆம்புக்கும் என்வலப் ஃபாலோயருக்கும் போக வேண்டும். அவை சரியாக இருந்தால் ஒரே ஒரு சாதாரண ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர் பல ஆண்டுகளுக்குப் போதும்; அவை இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த ஃபில்டரும் வாசிப்பவரின் கையைக் கேட்காது.